ரேக் சர்வர் பெட்டி: எத்தனை யூ வாங்குவது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பாகங்களைத் தனித்தனியாக வாங்கி ரேக் சர்வர் (ரேக் என்ற அடுக்குச் சட்டத்தில் பொருத்தும் சர்வர்) கட்டுகிறவர்கள் பெரும்பாலும் பெட்டியைக் கடைசியில்தான் தேர்ந்தெடுக்கிறார்கள். பிராசஸர், மதர்போர்டு, ஹார்ட் டிஸ்க் எல்லாம் வந்து மேசைமேல் அடுக்கியிருக்கும். ‘2யூ பெட்டி போதும்தானே?’ என்ற கேள்வி அப்போதுதான் எழும். போதுமா இல்லையா என்பதை அந்த மேசையில் கிடக்கும் பொருள்கள் ஏற்கெனவே முடிவு செய்திருக்கும். சிறு அலுவலகம், ஸ்டூடியோ, கல்லூரி ஆய்வகம், வீடு ஆகிய இடங்களில் சர்வர் வைக்க நினைப்பவர்களை மனத்தில் வைத்து இந்தப் பதில்கள் எழுதப்பட்டுள்ளன. பெரிய டேட்டா சென்டர்களின் கணக்கு வேறு. அதையும் தேவைப்படும் இடத்தில் தொட்டுச் செல்கிறேன்.

‘யூ’ என்பது எவ்வளவு உயரம்?

ரேக்கில் உயரத்தை அளக்கும் அலகுதான் யூ. ஒரு யூ 1.75 அங்குலம், அதாவது 44.45 மி.மீ. இரண்டு யூ அதன் இரட்டிப்பு. முழு உயர ரேக் என்று விற்கப்படும் 42யூ ரேக்கில் பொருத்துவதற்கான உயரம் மட்டும் 1,867 மி.மீ. வரும், அடித்தளம், மேல்தட்டு, சக்கரம் எல்லாம் சேர்ந்தால் இரண்டு மீட்டரைத் தொடும்.

பெட்டி மட்டும் இந்த அளவில் துல்லியமாக இருக்காது. மேலும் கீழும் உள்ள சாதனத்தோடு உரசாமலிருக்க முகப்பில் சுமார் 0.8 மி.மீ. குறைத்துச் செய்வார்கள். ஆகவே 1யூ பெட்டியின் முகப்பு 43.7 மி.மீ., 2யூ 88.1, 3யூ 132.6, 4யூ 177. தகட்டின் கனத்தையும் மதர்போர்டைத் தாங்கும் குமிழ்களின் உயரத்தையும் கழித்தால் உள்ளே கிடைப்பது இன்னும் குறைவு. கீழே வரும் எல்லாக் கணக்குக்கும் இந்த நான்கு எண்கள்தான் அடிப்படை.

ரேக் தூணில் உள்ள துளைகளை ஒருமுறை உற்றுப் பாருங்கள். ஒரு யூவுக்கு மூன்று துளை. ஆனால் இடைவெளி ஒரே சீராக இராது. 15.9 மி.மீ., 15.9 மி.மீ., அடுத்து 12.7 மி.மீ. என்று மாறி மாறி வரும். அந்தக் குறுகிய இடைவெளியின் நடுவில்தான் ஒரு யூ முடிந்து அடுத்த யூ தொடங்குகிறது. இதைக் கவனிக்காமல் ஒரு துளை தள்ளி கேஜ் நட்டை (தூண் துளையில் செருகும் நட்டு) போட்டுவிட்டால், பெட்டி யூவில் மூன்றில் ஒரு பங்கு ஏறி நிற்கும். மேலே வரவேண்டிய சாதனம் உள்ளே நுழையாது. பெட்டி அளவு தவறு என்று கடைக்காரரோடு சண்டைக்குப் போகுமுன் துளையை எண்ணிவிடுவது நல்லது.

19 அங்குலம் என்கிறார்களே, பெட்டியின் அகலம் அதுவா?

முகப்புத் தகட்டின் அகலம், தூணோடு திருகுவதற்காக இரு பக்கமும் நீட்டிய காதுகளையும் சேர்த்து, 19 அங்குலம் (482.6 மி.மீ.). பெட்டியின் உடல் தூண்களுக்கு இடையே உள்ள 450 மி.மீ. திறப்புக்குள் நுழைய வேண்டும். பக்கவாட்டில் சறுக்கு ரெயிலும் வர வேண்டியிருப்பதால் உடல் இன்னும் சற்று ஒடுங்கியே இருக்கும். அமெரிக்கத் தொலைபேசி நிலையங்களில் ரிலேக்களை அடுக்குவதற்காக வந்த அகலம் இது, நூறாண்டாகியும் மாறவில்லை.

ரேக் அலமாரியின் வெளி அகலம் 600 அல்லது 800 மி.மீ. எனக் கடையில் சொல்வார்கள். எதை வாங்கினாலும் உள்ளே பொருத்தும் அகலம் அதே 19 அங்குலம்தான், 800 மி.மீ. அலமாரியில் கேபிளுக்குக் கூடுதல் இடம் கிடைக்கும், அவ்வளவே. அகலம் குறித்து நீங்கள் முடிவெடுக்க வேண்டியது எதுவும் இல்லை.

சரி, உயரத்தை எங்கிருந்து முடிவு செய்யத் தொடங்குவது?

உள்ளே போகும் பொருள்களில் எது மிக உயரமானது என்பதிலிருந்து. பெரும்பாலும் அது கீழுள்ள மூன்றில் ஒன்றாக இருக்கும்: பிராசஸர் மேல் உட்காரும் கூலர், நிமிர்ந்து நிற்கும் விரிவாக்கக் கார்டு, பவர் சப்ளை. இவற்றில் ஒன்று 1யூவுக்குள் அடங்கவில்லை என்றால் மற்ற இரண்டும் அடங்குவதால் பயனில்லை.

விரிவாக்கக் கார்டுகளில் இரண்டு உயரம் உண்டு. முழு உயரக் கார்டின் உலோகப் பட்டை 120 மி.மீ.; குட்டைக் கார்டின் பட்டை 79 மி.மீ. மேலே சொன்ன நான்கு எண்களோடு ஒப்பிட்டால் விடை தானாக வரும். குட்டைக் கார்டு 2யூவில் நிமிர்ந்து நிற்கும். முழு உயரக் கார்டு நிமிர்ந்து நிற்க 3யூவாவது வேண்டும். 1யூவில் எந்தக் கார்டும் நிற்காது. ரைசர் என்ற திருப்புப் பலகை வழியாகப் படுக்க வைக்க வேண்டும். அதிலும் ஒன்று அல்லது இரண்டு கார்டோடு முடிந்துவிடும்.

கூலருக்கும் இதே கணக்குத்தான். நோக்டுவா நிறுவனத்தின் கூலர்களை எடுத்துக்கொண்டால், 37 மி.மீ. உயரமுள்ள என்ஹெச்-எல்9ஐ 2யூவில் தாராளமாக அடங்கும், 110 மி.மீ. உயர என்ஹெச்-டி9எல் 3யூவுக்கு; 125 மி.மீ. உயர என்ஹெச்-யு9எஸ் 4யூவுக்கு. பலரும் விரும்பி வாங்கும் என்ஹெச்-டி15 கூலர் 165 மி.மீ. உயரம் கொண்டது. 4யூ பெட்டியின் வெளி உயரமே 177 என்னும்போது, தகடு, குமிழ், மதர்போர்டு, சாக்கெட் எல்லாம் போக அதற்கு இடமிருக்காது. ‘4யூதானே, எதுவும் போகும்’ என்று நினைப்பவர்கள் மாட்டிக்கொள்ளும் இடம் இது.

1யூ பெட்டி யாருக்குச் சரிப்படும்?

இடத்துக்கு யூ கணக்கில் வாடகை கொடுப்பவருக்கு. வேறு யாருக்கும் நான் பரிந்துரைப்பதில்லை.

1யூவில் 40 மி.மீ. விசிறிதான் பொருந்தும். 4யூவில் போடும் 120 மி.மீ. விசிறியோடு ஒப்பிட்டால் இதன் முகப்பரப்பு ஒன்பதில் ஒரு பங்கு. அந்தக் குறையைச் சுழற்சியால் ஈடுகட்ட வேண்டியிருப்பதால், நிமிடத்துக்கு 15,000 சுற்றுக்கு மேல் ஓடும் விசிறிகளை வரிசையாகப் பொருத்துகிறார்கள். விசிறியின் வேகம் இரட்டித்தால் அது உறிஞ்சும் மின்சாரம் எட்டு மடங்காகும். ஆக, 1யூ சர்வரில் கணிசமான மின்சாரம் கணக்குப் போடுவதற்கு அல்ல, காற்றடிப்பதற்கே செலவாகிறது.

வீட்டுக் கணினிக்கான மதர்போர்டை 1யூவில் வைக்க நினைப்பவர்களுக்கு இன்னொரு சிக்கல். ஏடிஎக்ஸ் (மேசைக் கணினிகளின் வழக்கமான அளவு) மதர்போர்டின் பின்பக்க இணைப்புகளுக்கான மூடுதகட்டின் உயரம் 44.45 மி.மீ.; 1யூ பெட்டியின் முழு உயரமே அதைவிடக் குறைவு! 1யூ பெட்டிகள் தங்களுக்கென வெட்டிய குட்டைத் தகட்டோடு வரும். ஒன்றன்மேல் ஒன்றாக மூன்று யூஎஸ்பி அடுக்கிய போர்டு அதில் அடங்காது. வண்ண விளக்கோடு உயர்ந்து நிற்கும் ரேம், மின்சுற்றுகளின் மேல் குன்றுபோல் எழும் ஹீட் சிங்க் (சூட்டை வெளியேற்றும் உலோகத் துண்டு) எல்லாம் இதே கதைதான். 1யூ வேண்டுமென்றால் சர்வருக்கெனச் செய்த போர்டு, சர்வருக்கெனச் செய்த கூலர் என்று முழுமையாக அந்தப் பக்கம் போய்விட வேண்டும். ஃபயர்வால், ரூட்டர், டிஎன்எஸ் போன்ற இலகுவான வேலைக்குச் சிறிய போர்டு போட்ட, ஆழம் குறைந்த 1யூ பெட்டி மட்டும் விதிவிலக்கு. அது நன்றாகவே உழைக்கும்.

அப்படியானால் எல்லோரும் 2யூ வாங்குவது ஏன்?

பிராண்டு சர்வர் உலகில் 2யூதான் நடுநாயகம். ஹெச்பிஇ நிறுவனத்தின் டிஎல்360 1யூ, டிஎல்380 2யூ. டெல்லின் ஆர்640 1யூ, ஆர்740 2யூ. இரண்டு பிராசஸர், முன்பக்கம் பன்னிரண்டு பெரிய (3.5 அங்குல) டிஸ்க் அல்லது இருபத்துநான்கு சிறிய (2.5 அங்குல) டிஸ்க், 60 அல்லது 80 மி.மீ. விசிறி, நிமிர்ந்து நிற்கும் குட்டைக் கார்டுகள், ரைசர் வழியாகப் படுத்திருக்கும் முழு உயரக் கார்டுகள் என எல்லாம் ஓரளவுக்குக் கிடைத்துவிடுகின்றன. ஆயத்த சர்வராக வாங்குகிறவர்களுக்கு நான் சொல்வதும் 2யூதான்.

வெறும் பெட்டியாக வாங்கிக் கட்டுகிறவர்களுக்கு 2யூவில் ஒரு முள் இருக்கிறது: பவர் சப்ளை. அதற்கான பதில் கீழே தனியாக வருகிறது.

3யூ ஏன் கடைகளில் அதிகம் தென்படுவதில்லை?

2யூவில் இல்லாத முக்கிய வசதி, முழு உயரக் கார்டு அதில் நிமிர்ந்து நிற்கும் என்பது. அதற்கு மேல் ஒரு யூ சேர்த்தால் 120 மி.மீ. விசிறியும் பெரிய கூலரும் சுலபமாக வந்துவிடுகின்றன. அதனால் வாங்குபவர்கள் 4யூவுக்குத் தாவிவிடுகிறார்கள். பதினாறு பெரிய டிஸ்க் வைக்கும் சேமிப்புப் பெட்டிகளில் 3யூ இன்னும் புழக்கத்தில் இருக்கிறது.

ஹார்ட் டிஸ்க் எண்ணிக்கையை வைத்து யூவைக் கணக்கிட முடியுமா?

முடியும், கடைக்காரரின் பட்டியல்கூடத் தேவையில்லை. 3.5 அங்குல டிஸ்க்கின் அகலம் 101.6 மி.மீ., தடிமன் 26.1 மி.மீ. படுக்கை வசத்தில் நான்கு டிஸ்க்கைப் பக்கம் பக்கமாக வைத்தால் 406 மி.மீ.; ஐந்தாவது 450-க்குள் வராது. ஆகவே ஒரு வரிசைக்கு நான்கு. 1யூவில் ஒரு வரிசை, நான்கு டிஸ்க். 2யூவில் மூன்று வரிசைக்கு 78 மி.மீ. போதும், பன்னிரண்டு டிஸ்க். 3யூவில் ஐந்து வரிசை வைத்தால் 130.5 மி.மீ. வரும்; 132.6-இல் இழுப்புத் தட்டுக்கு இடம் எங்கே? எனவே நான்கு வரிசை, பதினாறு. 4யூவில் ஆறு வரிசை, இருபத்துநான்கு. பின்பக்கமும் டிஸ்க் செருகும்படி செய்த 4யூ பெட்டிகளில் இந்த எண்ணிக்கை முப்பத்தாறு வரை போகும்.

மேலிருந்து செருகும் முறைக்குப் போனால் கணக்கு மாறிவிடும். இணையக் காப்புச் சேமிப்பு நடத்தும் பேக்பிளேஸ் நிறுவனம் 2009-இல் தன் சேமிப்புப் பெட்டியின் வரைபடத்தைப் பொதுவில் வெளியிட்டது. ஒரே 4யூவில் 45 டிஸ்க்குகளை நிமிர்த்தி நிறுத்தியிருந்தார்கள், 1.5 டெராபைட் டிஸ்க்குகள், மொத்தம் 67 டெராபைட். பின்னாளில் இதை 60 டிஸ்க் வரை நீட்டினார்கள். அடர்த்தி அபாரம். ஆனால் ஒரு டிஸ்க்கை மாற்றவே பெட்டியை முழுதாக வெளியே இழுத்து மூடியைக் கழற்ற வேண்டும். ரேக்கின் முன் அதற்கு இடம் விட்டிருக்கிறீர்களா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

டிஸ்க் அதிகமானால் கவனிக்க வேண்டியது இன்னொன்று. ஒவ்வொரு பெரிய டிஸ்க்கும் சுழலத் தொடங்கும் வினாடிகளில் 12 வோல்ட்டில் சுமார் 2 ஆம்பியர் இழுக்கும். இருபத்துநான்கும் ஒரே நேரத்தில் கிளம்பினால் 570 வாட்டுக்கு மேல் அந்தக் கணத்தில் தேவை. ஒன்றன்பின் ஒன்றாகக் கிளப்பும் வசதி டிஸ்க்குகளை இயக்கும் கண்ட்ரோலரில் இருந்தால் அதை இயக்கி வையுங்கள். இல்லாவிட்டால் பவர் சப்ளையை அதற்கேற்ப வாங்குங்கள்.

கிராபிக்ஸ் கார்டு வைக்கப் போகிறேன். 4யூ போதுமா?

எந்தக் கார்டு என்று சொல்லாமல் இதற்குப் பதில் இல்லை. கார்டுகளில் இரண்டு சாதி. ஒன்றுக்கான பெட்டி மற்றொன்றுக்கு ஆகாது.

முதல் வகை, சர்வருக்கெனச் செய்தது. இதில் விசிறியே இருக்காது; பெட்டியின் விசிறிகள் அடிக்கும் காற்று கார்டின் ஊடாகப் பாய்ந்து சூட்டை வெளியே தள்ள வேண்டும். மின் இணைப்பு கார்டின் வால்பக்கம் வரும், ஆதலால் உயரப் பிரச்சினை இல்லை. என்விடியாவின் டி4 (70 வாட்), எல்4 (72 வாட்) இரண்டும் குட்டைக் கார்டுகள். தனி மின் இணைப்பே கேட்காது. காற்று போதுமானால் 1யூவிலோ 2யூவிலோ இவை நிம்மதியாக ஓடும். இதே கார்டை, சத்தமே வராத மெதுவான விசிறி போட்ட 4யூ பெட்டியில் வைத்தால் வெந்துவிடும். பெரிய பெட்டி என்பதால் குளிர்ச்சி அதிகம் என்று எண்ண வேண்டாம். இங்கே காற்றின் அழுத்தம்தான் கணக்கு.

இரண்டாவது வகை, விளையாட்டுக்கும் வீடியோ வேலைக்கும் விற்கும் கார்டு. விசிறி கார்டிலேயே இருக்கும். சூட்டைப் பெரும்பாலும் பெட்டிக்குள்ளேயே கொட்டும். மின் இணைப்பு கார்டின் உச்சியில், மூடியை நோக்கி நிற்கும். என்விடியா தன் பெயரிலேயே விற்ற ஆர்டிஎக்ஸ் 4090 கார்டு 137 மி.மீ. உயரம், 304 மி.மீ. நீளம், மூன்று ஸ்லாட் (கார்டு செருகும் இடம்) தடிமன், 450 வாட். அதன்மேல் மின் கேபிள் நேராக எழுந்து வளைய 30 மி.மீ.க்கு மேல் வேண்டும். கூட்டிப் பாருங்கள்: 4யூவிலேயே மூடி கேபிளை அழுத்தும் நிலை. அந்தக் கேபிளை இணைப்பின் அருகிலேயே மடக்குவது ஆபத்து. முனை உருகிய சம்பவங்கள் ஊரறிந்தவை. கார்டின் உயரத்தோடு கேபிள் வளைவையும் சேர்த்து அளந்த பிறகே பெட்டியை வாங்குங்கள். பக்கவாட்டில் திரும்பும் முனையுள்ள கேபிள் சில இடங்களில் கைகொடுக்கும்.

இந்த வரிசையின் மறுமுனையில் இருப்பது எட்டு ஜிபியூ (கிராபிக்ஸ் சிப்) கொண்ட என்விடியா டிஜிஎக்ஸ் ஹெச்100. அது 8யூ, உச்சத்தில் 10.2 கிலோவாட் தின்னும். அதற்கு முந்தைய ஏ100 பெட்டி 6யூ, 6.5 கிலோவாட். ஜிபியூ எண்ணிக்கை இரண்டிலும் எட்டேதான். கூடிய வெப்பத்துக்காகத்தான் பெட்டி இரண்டு யூ வளர்ந்தது.

பவர் சப்ளை விஷயத்தில் என்ன முள்?

நாம் எல்லோரும் அறிந்த ஏடிஎக்ஸ் பவர் சப்ளை 150 மி.மீ. அகலம், 86 மி.மீ. உயரம். 2யூ பெட்டியின் வெளி உயரம் 88.1. தகடுகளைக் கழித்தால் அது உள்ளே உட்காராது. உட்கார்ந்தாலும் மேலோ கீழோ உள்ள அதன் விசிறி மூச்சுத் திணறும். எனவே 2யூவுக்கு 63.5 மி.மீ. உயரமுள்ள எஸ்எஃப்எக்ஸ் வகையையோ, 2யூவுக்கெனச் செய்த நீண்ட வகையையோ தேட வேண்டும். 1யூவுக்கு 40.5 மி.மீ. உயரமுள்ள ஃப்ளெக்ஸ் ஏடிஎக்ஸ். இவை விலை அதிகம், சத்தம் அதிகம். முக்கியமாக, ஞாயிற்றுக்கிழமை ஒன்று புகைந்துபோனால் பக்கத்துக் கடையில் கிடைக்காது. 4யூவில் சாதாரண ஏடிஎக்ஸ் அப்படியே பொருந்தும். எந்த ஊர்க் கணினிக் கடையிலும் மாற்று கிடைக்கும். மாவட்டத் தலைநகரைத் தாண்டி இருப்பவர்கள் இதைப் பெரிய காரணமாகவே எடுத்துக்கொள்ளலாம்.

இரண்டு பவர் சப்ளை வைத்து ஒன்று போனால் மற்றது தாங்கும் வசதி வேண்டுமென்றால், பெட்டியோடு சேர்ந்தே அதை வாங்குங்கள். பிறகு சேர்ப்பது அநேகமாக நடக்காது.

ஆழத்தைப் பற்றி யாருமே பேசுவதில்லையே?

பேச வேண்டும். வாங்கிவிட்டுத் திருப்பி அனுப்பப்படும் பெட்டிகளில் உயரத்தால் திரும்புபவை குறைவு. ஆழத்தால் திரும்புபவையே அதிகம். உயரத்துக்கு ‘யூ’ என்ற ஒரே அளவுகோல் இருக்கிறது. ஆழத்துக்கு அப்படி எதுவும் இல்லை. ஒவ்வொரு தயாரிப்பாளரும் தம் விருப்பப்படி செய்கிறார்கள். 250 மி.மீ. ஆழமுள்ள 1யூவும் உண்டு, 900 மி.மீ. ஆழமுள்ள 4யூவும் உண்டு.

நம் அலுவலகங்களில் சுவரில் மாட்டியிருக்கும் 6யூ, 9யூ, 12யூ ரேக்குகள் கேமரா ரிக்கார்டருக்கும் நெட்வொர்க் சுவிட்சுக்கும் ஆனவை. வெளி ஆழம் 600 மி.மீ. என்று இருந்தால் உள்ளே பயன்படுவது சுமார் 450. கண்ணாடிக் கதவு முன்பக்கம் கொஞ்சம் தின்னும்; பின்பக்கம் பவர் வயரும் நெட்வொர்க் கேபிளும் வளைய நூறு மில்லிமீட்டராவது வேண்டும். டிஎல்380, ஆர்740 போன்ற சர்வர்களின் ஆழம் 700 மி.மீ.-ஐ ஒட்டி இருக்கும். அவற்றை அந்தச் சுவர் ரேக்கில் மாட்ட முயல்வது கட்டிலை அலமாரிக்குள் திணிப்பது போலத்தான். அவற்றுக்குத் தரையில் நிற்கும் 1,000 மி.மீ. ஆழ ரேக் வேண்டும். பின்பக்கம் மின்பட்டை, கேபிள் தாங்கி எல்லாம் வருமானால் 1,200.

அளக்கும் முறை எளிது. ரேக்கின் முன்தூணின் முகத்திலிருந்து பின்கதவின் உட்புறம் வரை டேப்பை நீட்டுங்கள். அதில் 100 முதல் 150 மி.மீ. கழியுங்கள். மிஞ்சியதுதான் உங்கள் பெட்டிக்கு அனுமதிக்கப்பட்ட ஆழம். அடுத்து முன்தூணுக்கும் பின்தூணுக்கும் உள்ள தூரத்தைத் தனியாக அளந்து, வாங்கப்போகும் ரெயில் அந்த நீளத்துக்கு நீளுமா என்று பாருங்கள். பல ரேக்குகளில் பின்தூணை முன்னும் பின்னும் நகர்த்தலாம். வேறு சாதனங்கள் ஏறிய பிறகு நகர்த்த முடியாது.

ஆழம் குறைந்த பெட்டிக்கும் விலை உண்டு. குட்டைப் பெட்டியில் டிஸ்க் வைக்கும் கூண்டும் மதர்போர்டும் ஒன்றையொன்று நெருக்கும். நீளமான கிராபிக்ஸ் கார்டின் வால் விசிறித் தடுப்பில் இடிக்கும். 305 மி.மீ. நீளமும் 244 மி.மீ. அகலமும் கொண்ட ஏடிஎக்ஸ் போர்டு அடங்கும் என்று எழுதியிருந்தாலும், அதோடு எத்தனை மில்லிமீட்டர் கார்டு போகும் என்பதைத் தனியாகத் தேடிப் படியுங்கள்.

சர்வர் அறை தனியாக இல்லை. சத்தம் எப்படி இருக்கும்?

1யூ: ஆள் அமர்ந்து வேலை செய்யும் அறையில் வேண்டவே வேண்டாம். 2யூ: கதவை மூடிய பக்கத்து அறையில் வைக்கலாம். 120 மி.மீ. விசிறி போட்ட 4யூ: மேசைக் கணினி அளவுக்கு அடக்க முடியும். தொலைபேசியில் பேசும் இடம், ஒலிப்பதிவு அறை, வீட்டுக் கூடம் என்றால் மூன்றாவதைத் தவிர வேறு வழியில்லை.

நம் ஊர் வெயிலுக்குப் பெரிய பெட்டிதானே நல்லது?

ஓரளவுக்கு. சர்வருக்குள் நுழையும் காற்று 18 முதல் 27 டிகிரிக்குள் இருக்க வேண்டும் என்பது அமெரிக்கக் குளிரூட்டல் பொறியாளர் சங்கமான ஆஷ்ரேயின் பரிந்துரை. மே மாதத்துத் திருச்சியிலோ வேலூரிலோ ஏசி இல்லாத அறை அந்த வரம்பைக் காலையிலேயே தாண்டிவிடும். அந்த நிலையில் 1யூ விசிறிகள் முழு வேகத்தில் அலறியும் பிராசஸர் தன் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். பெரிய விசிறியுள்ள 4யூவுக்கு இன்னும் கொஞ்சம் தாக்குப்பிடிக்கும் இடைவெளி இருக்கிறது. ஆனால் 500 வாட் சர்வர் எந்தப் பெட்டியில் இருந்தாலும் அறைக்குள் 500 வாட் சூட்டைத்தான் கொட்டும். பெட்டியை மாற்றி அறையைக் குளிர்விக்க முடியாது.

தூசியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். முன்பக்கத்தில் கழற்றிக் கழுவும் வடிகட்டி உள்ள பெட்டி 4யூவில் சுலபமாகக் கிடைக்கும், 1யூவில் அபூர்வம். சாலையோரக் கட்டடம், மாவு மில், நூற்பாலை ஆகிய இடங்களில் இதை வைத்தே முடிவெடுக்கலாம்.

டேட்டா சென்டரில் இடம் எடுத்து வைக்கப் போகிறேன். அப்போதும் 4யூவா?

இல்லை. அம்பத்தூரிலோ சிறுசேரியிலோ உள்ள டேட்டா சென்டரில் யூ கணக்கில் வாடகை என்றால் ஒவ்வொரு யூவும் மாதாமாதம் பணம். அங்கே குளிர்ந்த காற்று இருக்கிறது, சத்தத்தைக் கேட்க ஆள் இல்லை, தூசியும் கட்டுக்குள். 1யூவின் குறைகள் எல்லாம் அந்த அறையில் மறைந்துபோகின்றன.

எனினும் இரண்டு கேள்வியை முன்கூட்டியே கேளுங்கள். ஒரு யூவுக்கு எவ்வளவு மின்சாரம் அனுமதி? கூடுதல் மின்சாரத்துக்கு என்ன கட்டணம்? மின்சாரத்துக்கே பெரும்பணம் போகும் ஒப்பந்தத்தில் 1யூவை 2யூ ஆக்குவதால் மொத்தச் செலவு அதிகம் கூடாது; சில வேளை விசிறிச் செலவு குறைந்து சமமாகிவிடும். இன்னொன்று, அங்கே சறுக்கு ரெயில் இல்லாத பெட்டியை ஏற்க மறுப்பதுண்டு.

பழைய பிராண்டு சர்வரை வாங்கி, பெட்டியை மட்டும் பயன்படுத்தலாமா?

சென்னை ரிச்சி தெருவிலும் பெங்களூரு எஸ்.பி. ரோட்டிலும் பழைய சர்வரைப் பார்த்ததும் பலருக்கு இந்த ஆசை வரும். வேண்டாம். பெரிய பிராண்டுகளின் மதர்போர்டு, பவர் சப்ளை, முன்பலகை இணைப்பு எல்லாம் அந்தந்த நிறுவனத்தின் தனி அளவு. ஏடிஎக்ஸ் போர்டுக்கான துளைகூடப் பொருந்தாது. சர்வராகவே முழுதாக வாங்கி ஓட்டுவதென்றால் நல்ல பேரம்தான். அப்போது ரெயிலும் சேர்த்துத் தருகிறார்களா என்று கேட்டுவிடுங்கள். தனியாகத் தேடினால் மாடலுக்கு மாடல் வேறுபடும்.

இரண்டு சர்வருக்கு நடுவே ஒரு யூ காலியாக விட வேண்டுமா?

தேவையில்லை. சர்வர் காற்றை முன்னாலிருந்து உறிஞ்சிப் பின்னால் தள்ளுகிறது. மேலும் கீழும் உள்ள தகடு வழியாக எதுவும் போவதில்லை. காலி இடம் விட்டால் பின்பக்கச் சூடான காற்று அந்தச் சந்து வழியாக முன்னால் வந்து மறுபடி உள்ளே போகும். காலி யூவை வெற்றுத் தகட்டால் மூடுங்கள். பக்கவாட்டில் காற்று விடும் சில நெட்வொர்க் சுவிட்சுகள் வேறு வகை. அவற்றைச் சர்வரோடு ஒட்டி வைக்காதீர்கள்.

முகநூல் நிறுவனம் (இன்றைய மெட்டா) வேறு அளவு ரேக் பயன்படுத்துகிறதாமே?

ஆம். 2011-இல் அது தொடங்கிய ஓபன் கம்ப்யூட் திட்டத்தின் ரேக்கில் சாதன அகலம் 21 அங்குலம், ஒரு யூ 48 மி.மீ. நம் கடைகளில் கிடைக்கும் எதுவும் அதோடு சேராது. மலிவாகக் கிடைக்கிறதென்று அந்த வகைப் பெட்டியை இறக்குமதி செய்துவிடாதீர்கள்.

என் தேவையைச் சொன்னால் ஒரே வரியில் பதில் கிடைக்குமா?

முயல்கிறேன். கணக்கு மென்பொருளும் கோப்புப் பகிர்வும் மட்டும் ஓடும் இருபது பேர் அலுவலகம், சுவர் ரேக் மட்டுமே உண்டு: 400 மி.மீ.க்குள் அடங்கும் 2யூ பெட்டி, மைக்ரோ ஏடிஎக்ஸ் போர்டு, எஸ்எஃப்எக்ஸ் பவர் சப்ளை. கல்யாண வீடியோ வெட்டி ஒட்டும் ஸ்டூடியோ: 4யூ, எட்டு முதல் பன்னிரண்டு டிஸ்க், 120 மி.மீ. விசிறி. கல்லூரியில் செயற்கை நுண்ணறிவு ஆய்வகம், இரண்டு மூன்று பெரிய கிராபிக்ஸ் கார்டு: 4யூ, 1,000 மி.மீ. ஆழ ரேக், அறைக்குத் தனி ஏசி. அல்லது சர்வர் வகைக் கார்டோடு ஆயத்த 2யூ. வீட்டில் பழகிப் பார்க்க நினைப்பவர்: ரேக்கே இப்போது வேண்டாம்; டவர் பெட்டியில் தொடங்குங்கள். டவரிலும் ஓடும் பாகங்களை, கூலரின் உயரத்தை மட்டும் பார்த்துக்கொண்டு, பிறகு 4யூவுக்கு மாற்றலாம்; அதைவிடக் குறைந்த யூ பெட்டிகளுக்கு அப்படியே மாற்ற முடியாது.

பெட்டி வந்துவிட்டது. ரேக்கில் எந்த உயரத்தில் வைப்பது?

கனமானது கீழே. யூபிஎஸ்ஸும் அதன் பேட்டரியும் அடித்தளத்தில்; அதற்கு மேல் டிஸ்க் நிறைந்த 4யூ; அதற்கு மேல் இலகுவானவை; கண் உயரத்தில் சுவிட்ச். இருபத்துநான்கு டிஸ்க் மட்டுமே பதினேழு கிலோ வரும். அவற்றைக் கழற்றி எண்ணிட்டு வைத்துவிட்டு, வெறும் பெட்டியை இருவர் தூக்கி ரெயிலில் ஏற்றுங்கள். ஏறிய பிறகு டிஸ்க்கை அதே எண் வரிசையில் செருகுங்கள். காதுத் திருகு இரண்டை மட்டும் நம்பி 4யூ பெட்டியைத் தொங்கவிட்டால் முன்தகடு வளையும். ரெயில் கிடைக்காவிட்டால் எல் வடிவத் தாங்கியாவது அடியில் கொடுங்கள். சர்வீஸுக்காகச் சறுக்கி வெளியே இழுக்கும்போது ஒரு நேரத்தில் ஒரு பெட்டிதான். இரண்டாவதையும் இழுத்தால் தரையோடு போல்ட் போடாத ரேக் உங்கள்மேலேயே சாயும்.